ஆட்டு நோயின் கால்வழிகள்

ஆடு என்று நாம் ஒரே சொல்லால் குறிக்கும் பிராணிகள் இரண்டு. செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலும் இலையில் விழுவது இவ்விரண்டில் எதுவென்று கேட்பவர் அரியர். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அதனினும் அரியர். லயத்துக்குப் பின்னால் நாலு ஆடு வளர்த்துத் தீபாவளிக்கு ஒன்றை அறுத்த காலம் தோட்டங்களில் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இன்று மலேசியாவில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் மிகப் பெரும் பங்கு கப்பலேறி வருவது. அதிலும் ஆஸ்திரேலியாவின் பங்கே முதன்மையானது. ஆதலின், ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ ஒரு செம்மறியின் மூளையில் என்ன காணப்பட்டது, ஆராய்ச்சியாளர் அதற்கு என்ன பெயர் கொடுத்தனர் என்பது நம் சமையற்கட்டுக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அன்று.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம் செம்மறிகளுக்கு வரும் ‘ஸ்க்ரேப்பி’ என்னும் மூளை நோய். இந்நோய் ஒரே பெயருடையது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே தோற்றமுடையது. ஆயினும் அதற்குள் பல கால்வழிகள் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்டிரெயின்’ என்பதையே நாம் கால்வழி என்று எழுதுகிறோம். ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு, அதிலிருந்து வேறோர் உடலுக்கு என எத்தனை முறை மாற்றினாலும் தன் குணத்தை விடாது தொடரும் நோய்ப் பரம்பரை என்பது அதன் பொருள். மனிதருக்குள் இல்லாத சாதியை நுணுக்கமாகக் கண்டுபிடித்து வைத்த நம்மவர், நோய்களுக்குள் மெய்யாகவே இருந்த சாதியைக் கண்டுபிடிக்க முயன்றாரில்லை. அம்முயற்சியைப் பிறர் செய்தனர்.

இத்தகைய ஆராய்ச்சியின் சிறந்த உதாரணம் ஒன்று நமது கோலாலம்பூரிலேயே நடந்ததாதலின், முதலில் அதைச் சொல்லிச் செல்வோம். 1900-இல் தொடங்கப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920-களில் வில்லியம் பிளெட்சர், லெஸ்லார் என்னும் இருவர் ‘டைபஸ்’ காய்ச்சலை ஆராய்ந்தனர். வீல், பெலிக்ஸ் என்போர் 1916-இல் வெளியிட்ட முறைப்படி, நோயாளியின் இரத்தத் தெளிவை ஒருவகைக் கிருமிக் கரைசலோடு சேர்த்தால் கிருமிகள் திரண்டு கட்டியாகும். அக்கிருமி நோய்க்குக் காரணமன்று. நோயைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி மாத்திரமே. கோலாலம்பூரில் அக்கிருமியின் இரண்டு சரக்குகள் இருந்தன. ஒன்று வார்சா நகரிலிருந்து வந்த வழி. மற்றொன்று கிங்ஸ்பரி என்னும் வைத்தியர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் சோதித்தபோது, கடைகளிலும் பட்டணத்து வீடுகளிலும் நோயுற்றோரின் இரத்தம் வார்சாச் சரக்கை மாத்திரம் திரட்டிற்று. புதர்க்காட்டிலும் தோட்டத்திலும் வெளிவேலை செய்து நோயுற்றோரின் இரத்தம் கிங்ஸ்பரிச் சரக்கை மாத்திரம் திரட்டிற்று. ஒரே காய்ச்சல் என்று எண்ணியது இரண்டாயிற்று. பின்னர் லூத்வெயிட் என்பாரும் சவூர் என்னும் இந்தியரும் பல்லாண்டு உழைத்து, புதர்க் காய்ச்சல் ஜப்பானியர் அறிந்திருந்த ஆற்றங்கரைக் காய்ச்சலே என்று நிறுவினர். பட்டணத்துக் காய்ச்சலைப் பரப்புவது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி; புதர்க் காய்ச்சலைப் பரப்புவது லாலான் புல்லிலும் புதரிலும் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சு. ஒன்றுக்குக் கடையில் எலியை ஒழிக்க வேண்டும். மற்றொன்றுக்குப் புதரை வெட்ட வேண்டும். 1948-இல் குளோரோமைசிடின் என்னும் மருந்து இப்புதர்க் காய்ச்சலைத் தீர்க்குமென்று முதன்முதல் நோயாளிகளிடம் காட்டப்பட்டதும் கோலாலம்பூரிலேயே. தோட்டத்தில் காய்ச்சல் கண்டவனுக்குச் சாமி குற்றமென்று விபூதியிட்டு வந்த நம்மவர் இவ்வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நிற்க. செம்மறிகளின் நோய்க்கு வருவோம். 1732 முதல் இங்கிலாந்தில் இதைப் பற்றிய குறிப்பு உண்டு. நோயுற்ற ஆடு வேலியிலும் மரத்திலும் உடலை ஓயாது உராய்ந்து கம்பளி உதிர நிற்கும், நடை தள்ளாடும், உடல் நடுங்கும், மெலிந்து சாகும். பிழைத்தது ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் உராய்தலைக் கண்டு ஸ்க்ரேப்பி என்றனர். பிரெஞ்சுக்காரர் நடுக்கத்தைக் கண்டு நடுக்க நோய் என்றனர். ஜெர்மானியர் அதன் விசித்திரமான நடையைக் கண்டு துள்ளோட்ட நோய் என்றனர். ஒரு நோய்க்கு மூன்று முகங்களா, அன்றி மூன்று நோய்களா என்று முறையாகக் கேட்க இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. (நம் தோட்டங்களில் முனியாண்டிக்கு வெட்ட நிறுத்திய கிடாயின்மேல் மஞ்சள் நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்கிறார்கள். நடுங்கும் ஆட்டைக் கண்டு, அது ஏன் நடுங்குகிறது என்று கேட்ட நாட்டார் ஒரு வழியிலும் நாம் வேறு வழியிலும் சென்றோம்.)

1759-இல் லியோபோல்ட் என்னும் ஜெர்மானியர், நோய் கண்ட ஆட்டை உடனே மந்தையினின்று பிரித்துவிடுக, அது தொற்றும் என்று எழுதினார். அவர் சொல்லைப் பலர் ஏற்கவில்லை. இது பரம்பரையாக இரத்தத்தில் வருவது என்ற கொள்கை நெடுங்காலம் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் பாரி என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் அதையே வற்புறுத்தினார். பிறப்பால் வருவது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஆராயவேண்டிய தொல்லை இல்லை. இவ்வுபாயம் நம் தேசத்துப் பண்டிதர்களுக்கு நன்கு தெரிந்ததே. 1936-இல் பிரான்சின் துலூஸ் நகரில் குயில்லே, ஷெல் என்னும் இரு கால்நடை வைத்தியர், நோயுற்ற ஆட்டின் முதுகுத்தண்டுச் சத்தை நல்ல ஆடுகள் இரண்டின் கண்ணுள் செலுத்திவிட்டுக் காத்திருந்தனர். ஒன்று 14 மாதத்திலும் மற்றொன்று 22 மாதத்திலும் நோயில் வீழ்ந்தன. முன்னோர் இத்தகைய சோதனைகளில் தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் பொறுமையின்மையே. சில வாரம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினர். நோயோ வருஷக்கணக்கில் உறங்குவது.

இது தொற்றும் என்பதற்கு யாரும் விரும்பாத ஒரு நிரூபணமும் அக்காலத்தில் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் உண்ணி பரப்பும் வேறொரு மூளை நோயைத் தடுக்க, கார்டன் என்பார் ஆட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து செய்து பார்மலின் சேர்த்துப் பாதுகாப்பாக்கினார். 1935-இல் செய்த மருந்தின் ஒரு தொகுதி, ஏறத்தாழ 18,000 ஆடுகளுக்கு இடத்தக்கது, ஸ்க்ரேப்பியையும் கூடவே சுமந்து சென்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அம்மருந்து பெற்ற மந்தைகளில் நோய் வெடித்தது. அந்நாள் அறிந்த கிருமிகளையெல்லாம் கொல்லும் பார்மலின் இதனைக் கொல்லவில்லை. கார்டன் அதன்பின் 24 இன ஆடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றிற்கு நோயை ஏற்றிப் பார்த்தார். ஓர் இனத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டு வீழ்ந்தன. மற்றோர் இனத்தில் ஒன்றும் வீழவில்லை. ஆகவே பரம்பரை என்றவரும் ஒரு பாதி மெய்யைப் பற்றியிருந்தனர் என்றாயிற்று: நோய் வெளியிலிருந்து வருவது, இடங்கொடுப்பதும் கொடாததும் உடலின் பரம்பரையைப் பொறுத்தது.

கால்வழிகள் உண்டு என்ற முதற் குறிப்பு 1961-இல் வந்தது. இங்கிலாந்தின் காம்ப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் பாட்டிசன், மில்சன் என்போர் வெள்ளாடுகளுக்கு நோயை ஏற்றினர். ஒரு கூட்டம் சொறிந்துகொண்டே இருந்து செத்தது. மற்றொரு கூட்டம் சொறியாமல் தூங்கி விழுந்து செத்தது. சொறியும் ஆட்டின் மூளையை வேறோர் ஆட்டுக்குக் கொடுத்தால் அதுவும் சொறிந்தது. தூங்கும் ஆட்டின் மூளை தூக்கத்தையே தந்தது. அதே ஆண்டு அதே நிலையத்தில் சாண்ட்லர் நோயைச் சுண்டெலிக்கு மாற்றினார். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆட்டில் செய்த ஆராய்ச்சிக்கு ஒரு கொட்டிலும் மூன்று வருஷமும் வேண்டும். சுண்டெலிக்கு ஓர் அலமாரியும் சில மாதங்களும் போதும். சுண்டெலி கிடைத்த பின்னரே கணக்குப் பார்க்க வழி பிறந்தது. (அதே 1961-இல் இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளிடையே இந்நோய் கண்டதாக ஸ்லாட்னிக், கட்டியார் என்னும் இருவர் பிரசுரித்தனர். இந்தியாவுக்கு இது அந்நியமானது என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.)

அக்கணக்கை எடின்பரோவில் ஆலன் டிக்கின்சனும் அவர் தோழர்களும் வகுத்தனர். அவர்கள் முறையைச் சற்று விரிவாகவே சொல்வோம். ஏனெனில் இன்றுவரை மற்றெல்லாச் சோதனைகளுக்கும் அதுவே உரைகல். பல தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே கூட்டி வளர்த்து, ஒன்றுக்கொன்று அச்சுப்போல ஆக்கிய சுண்டெலி இனங்கள் உண்டு. அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வர். ஓர் ஆட்டின் மூளையை அரைத்து, ஒரே அளவில், ஒரே இடத்தில், ஒரே நாளில் இரு இனத்துக்கும் ஊசி போடுவர். பிறகு நாட்களை எண்ணுவர். ‘எம்.ஈ.7’ என்று பெயரிட்ட கால்வழி முதல் இனத்துச் சுண்டெலியை ஏறத்தாழ 170 நாளிலும், இரண்டாம் இனத்தை ஏறத்தாழ 330 நாளிலும் வீழ்த்தும். ‘22ஏ’ என்னும் கால்வழியோ இதற்கு நேர்மாறு: இரண்டாம் இனத்தை ஏறத்தாழ 200 நாளில் வீழ்த்தும், முதல் இனத்தில் 400 நாளுக்கு மேல் உறங்கும். ஆண்டு முழுவதும் உறங்கும் நோய், ஒரே கூட்டத்துச் சுண்டெலிகளில் சில நாள் வித்தியாசத்துக்குள் விழித்துக்கொள்வது கண்டு அந்நாள் ஆராய்ச்சியாளரே வியந்தனர். பஞ்சாங்கக்காரர் இத்தனை துல்லியமாக ஒன்றையும் சொன்னதில்லை.

நாட்கணக்கு முதற் சாட்சி. இரண்டாம் சாட்சி மூளையிலேயே இருந்தது. இந்நோயில் மூளைத் தசை பஞ்சுபோல் நுண்ணிய துளைகளால் நிறையும். பிரேசரும் டிக்கின்சனும் 1968-இல், மூளையின் சாம்பற் பகுதியில் ஒன்பது இடங்களையும் வெண்பகுதியில் மூன்று இடங்களையும் குறித்துக்கொண்டு, துளைகளின் அடர்த்திக்கு மதிப்பெண் இட்டனர். அவ்வெண்களைக் கோடாக இழுத்தால் மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடம் கிடைக்கும். ஒரு கால்வழியின் வரைபடம் மற்றொன்றினதைப் போலிராது, கைரேகைபோல் பிரித்தறியலாம். இவ்விரு சாட்சிகளையும் கொண்டு ஏறத்தாழ 20 கால்வழிகள் சுண்டெலியில் வகுக்கப்பட்டன. ஆட்டைப் பார்த்து எவரும் அவற்றைப் பிரித்திருக்க முடியாது.

இதனிடையே மற்றொரு சிக்கல் முளைத்தது. உயிருள்ள கிருமியெல்லாம் தன் குணத்தை மரபணுவில் எழுதி வைத்திருக்கும். 1960-களில் லண்டனில் டிக்வா ஆல்பர் என்னும் பெண்மணியும் அவர் கூட்டத்தாரும், மரபணுவைச் சிதைக்கும் கதிர்களை ஸ்க்ரேப்பிப் பொருளின்மேல் பாய்ச்சினர். அது சிறிதும் அசையவில்லை. 1967-இல் கிரிப்பித் என்னும் கணித அறிஞர், இது வெறும் புரதமாகவும் இருக்கலாமே என்றார். 1982-இல் அமெரிக்காவின் ஸ்டான்லி புருசினர் அப்புரதத்துக்குப் ‘பிரியான்’ என்று பெயரிட்டார். 1997-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் கோணலாக மடங்கிவிடுகிறது; கோணல் மடிப்பு தன் பக்கத்திலுள்ளதையும் கோணலாக்குகிறது. உயிரற்ற புரதத்துக்கு எப்படி இருபது கால்வழி என்று எதிர்க்கட்சியார் கேட்டனர், கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில் பெஸன், மார்ஷ் என்போர் 1990-களில் வெள்ளெலியில் இரு கால்வழிகளை, ஒன்று துள்ளுவது, ஒன்று தூங்குவது, எடுத்துப் புரதத்தைச் செரிக்கும் நொதியில் இட்டனர். இரண்டும் வெவ்வேறு இடத்தில் வெட்டுண்டன. ஒரே துணியை இரு விதமாக மடித்து ஒரே கத்தரிக்கோலால் வெட்டினால் துண்டுகள் வேறுபடுமன்றோ? மடிப்பின் வடிவமே கால்வழி. 2021 முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் அம்மடிப்புகள் சிலவற்றை நேரிலேயே வரைந்து காட்டிவிட்டனர்.

இவ்வளவும் பண்டிதர் விவகாரமாக நின்றுவிட்டிருக்கலாம். 1986-இல் இங்கிலாந்தில் பைத்தியப் பசு நோய் கண்டறியப்பட்டது. இறந்த பிராணிகளின் இறைச்சியையும் எலும்பையும் பொடித்து, புல் தின்னும் மாட்டுக்கே தீனியாகக் கொடுத்த லாப ஆசையின் பலன் அது. 1988-இல் அத்தீனி தடுக்கப்பட்டபோதிலும், மொத்தத்தில் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. மாட்டிறைச்சிக்கு ஒரு குறையுமில்லை என்று மந்திரிகள் சத்தியம் செய்தனர். 1990-இல் விவசாய மந்திரி பத்திரிகைக்காரர் முன்னிலையில் தம் சிறு பெண்ணுக்கே அதை ஊட்டப் பார்த்தார். 1996 மார்ச் 20-ஆம் தேதி, இளம் வயதினரைக் கொல்லும் ஒரு புதிய மூளை நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கக்கூடுமென்று அதே சர்க்கார் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ‘இருக்கக்கூடும்’ என்பதை ‘உண்டு’ என்றாக்கியவை எடின்பரோச் சுண்டெலிகள். 1997-இல் மோயிரா புரூஸும் அவர் தோழர்களும், இறந்த மனிதரின் மூளையும் நோயுற்ற மாட்டின் மூளையும் ஒரே நாட்கணக்கையும் ஒரே வரைபடத்தையும் தருவதைக் காட்டினர். அறிந்த ஸ்க்ரேப்பிக் கால்வழி எதனோடும் அது ஒத்துவரவில்லை. பிரிட்டனில் மாத்திரம் 178 பேர் இந்நோய்க்குப் பலியாயினர்.

அப்போதுதான் ஆடு திரும்பவும் சபைக்கு வந்தது. அத்தீனியை ஆடுகளும் தின்றிருந்தன. 1993-இலேயே, அரை கிராம் மாட்டு மூளையைத் தின்ற செம்மறிக்கும் மாட்டு நோய் வருமென்று சோதனையில் தெரிந்தது. வந்தால் அது ஸ்க்ரேப்பியைப் போலவே தோன்றும். ஸ்க்ரேப்பி இருநூற்றைம்பது ஆண்டுகளாக மனிதருக்குத் தீங்கு செய்ததாக ஆதாரமில்லை. மாட்டு நோயோ மனிதரைக் கொல்வது. நல்ல பெயருடையவன் சட்டையில் கொலைகாரன் புகுந்திருந்தால் எவ்வாறு அறிவது? 2001-இல் பிரிட்டிஷ் சர்க்கார், ஆடுகளில் மாட்டு நோய் உறுதியானால் தேசத்து மந்தை முழுவதையும், ஏறத்தாழ 4 கோடி ஆடுகளை, அழிக்கவும் திட்டம் எழுதி வைத்தது. 1990-களின் தொடக்கத்தில் சேகரித்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டு மூளைகளின் கூட்டரைப்பைச் சுண்டெலியில் சோதித்துக்கொண்டிருந்தனர். முடிவுகள் மாட்டு நோயின் பக்கம் சாய்வதுபோல் இருந்தன. அறிவிக்கும் வேளையில், 2001 அக்டோபரில், அவ்வரைப்பை மரபணுச் சோதனைக்கு அனுப்பினர். வந்த விடை: அது ஆட்டு மூளையே அன்று, மாட்டு மூளை. மாட்டு மூளையில் மாட்டு நோயைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. குப்பியின்மேல் ஒட்டிய பெயரை ஒருவரும் சந்தேகித்திலர். அந்தச் சோதனை ஒரு மாதம் பிந்தியிருந்தால் எத்தனை ஆட்டிடையர் குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளலாம்.

அதன் பின்னர் சுண்டெலிக்காகக் காத்திராமல் சில நாட்களில் விடை தரும் முறைகள் பரவின. நொதியில் வெட்டுண்ட புரதத் துண்டுகளை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாக்குவர். மாட்டு நோயின் பட்டை ஸ்க்ரேப்பிப் பட்டையினும் சற்றுக் கீழே நிற்கும். வெட்டுண்ட இடத்துக்கு அருகில் மாத்திரம் பற்றும் எதிர்ப்புரதம் ஒன்றும் உண்டு. அது ஸ்க்ரேப்பித் துண்டைப் பற்றும், மாட்டு நோயின் துண்டைப் பெரும்பாலும் பற்றாது. எனினும் இதுவும் ஏமாற்றக்கூடியதே. ‘சி.எச். 1641’ என்னும் ஸ்க்ரேப்பிக் கால்வழி பட்டையில் மாட்டு நோயைப் போலவே வேஷம் போடும். சாதாரணச் சுண்டெலியில் ஏற்றினால் மாத்திரம் அதன் வேஷம் கலையும், ஏனெனில் மாட்டு நோய் பற்றும் அச்சுண்டெலியை அது பற்றாது. ஆகவே ஐயமான தருணங்களில் மறுபடியும் சுண்டெலியிடமே செல்கின்றனர். 2002-இல் பிரான்சில் அறுக்கப்பட்ட வெள்ளாடு ஒன்றில் மாட்டு நோய் இருந்தது உறுதியானது 2005 ஜனவரியில். இடைப்பட்ட காலம் சுண்டெலிகளின் காலம். இயற்கையாக மாட்டு நோயுற்ற செம்மறி ஒன்றேனும் இதுவரை உறுதிப்படவில்லை.

இனி நம் இலைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஸ்க்ரேப்பி ஒரே முறை, 1952-இல், விக்டோரியா மாநிலத்தில், இங்கிலாந்திலிருந்து தருவித்த சபோக் இன ஆடுகளில் தோன்றியது. சர்க்கார் அவற்றையும் அவற்றோடு பழகியவற்றையும் கொன்று நோயை வேரறுத்தது. நியூசிலாந்தும் அவ்வாறே செய்தது. அதுமுதல் ‘ஸ்க்ரேப்பி இல்லாத நாடு’ என்பது அவ்விரு நாடுகளின் வாணிபத்துக்கு மூலதனம். 1998-இல் நார்வேயில் முன்பின் காணாத ஒருவகை ஸ்க்ரேப்பி கண்டறியப்பட்டது. பழைய நோய் மூளைத் தண்டைத் தாக்கும். இது சிறுமூளையைத் தாக்கிற்று. பழையது மந்தையில் பரவும். இது கிழட்டு ஆடு ஒன்றில் தனியே தோன்றி அதனோடு முடிந்தது. பழையதை எதிர்க்கும் பரம்பரையுள்ள ஆடு என்று தேர்ந்தெடுத்து வளர்த்தவற்றையும் இது விடவில்லை. பட்டைச் சோதனையில் பழையதற்கு இல்லாத மிகச் சிறிய துண்டு ஒன்று அடியில் தெரிந்தது. தொற்றாமல் மூளையில் தானே உண்டாவதென்பது பலருடைய அபிப்பிராயம்.

2009-இல் நியூசிலாந்து ஆட்டு மூளை ஒன்றிலும், 2010-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டிலும் இப்புதிய வகை காணப்பட்டது. இரண்டையும் பிரித்தறியும் சோதனை அன்று இல்லாதிருப்பின், ‘ஸ்க்ரேப்பி’ என்ற ஒரு சொல்லோடு துறைமுகங்கள் அடைபட்டிருக்கும். இறைச்சி விலை என்னாகியிருக்கும் என்பதைக் கிள்ளான் கடைக்காரர் நம்மினும் நன்கு சொல்வர். உலகக் கால்நடை நலச் சபை 2009-இலேயே இவ்வகையைத் தொற்று ஸ்க்ரேப்பியினின்று வேறாக்கி, அறிவிக்கவேண்டிய நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. கப்பல்கள் நிற்கவில்லை. மூளைத் தண்டை மாத்திரம் வெட்டிச் சோதிப்பவர் இப்புதிய வகையைத் தவறவிடக்கூடும். ஆதலின் சிறுமூளையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமென்பது இப்பொழுது ஆய்வுக்கூடங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறையாகும்.